நுணல் ஏன் கத்துகிறது? அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலும் சோஷியல் மீடியாவும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் செய்திகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வகைச் செய்தி உண்டு. பள்ளிக்கூடப் பையன் ஒருவன் எதையோ பதிவிட்டான். ஃபுட்பால் ஆடுவதற்காகத் தருவதாகச் சொன்ன ஸ்காலர்ஷிப்பைக் கல்லூரி தரமாட்டேன் என்றுவிட்டது. உடனே இரண்டு கட்சி கிளம்பிவிடும். "ஒரு வார்த்தைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா?" என்று ஒன்று. "செய்ததற்கு அனுபவிக்கட்டும்" என்று இன்னொன்று. பிள்ளைகளை அங்கே பள்ளிக்கு அனுப்பும் நம்மவர்களின் வாட்ஸாப் குழுக்களில் மூன்றாவது கட்சியும் இருக்கும்: "அதனால்தான் சொல்றேன், ஃபோனே வாங்கிக் கொடுக்காதீங்க."

மூன்று கட்சியுமே இதை ஒரு தண்டனைக் கதையாக எடுத்துக்கொள்கின்றன. குற்றம், நீதிபதி, தீர்ப்பு. நடப்பது அப்படியல்ல. பெரும்பாலும் தீர்ப்பு என்று ஒன்றே கிடையாது. ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் ஒரு பெயரின் மேல் கோடு விழுகிறது. பல நேரம் பையனுக்கு அது தெரிவதுகூட இல்லை. அது எப்படி நடக்கிறது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம். ஃபுட்பால் தெரியாதவர்களும் படிக்கலாம். ஆட்டத்தின் விதி எதுவும் இதற்குத் தேவையில்லை.

எந்த ஃபுட்பால்?

நமக்கு ஃபுட்பால் என்றால் காலால் உதைப்பது. அதற்கு அமெரிக்காவில் சாக்கர் என்று பெயர். அவர்கள் ஃபுட்பால் என்பது ஹெல்மெட்டும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூம்பிய பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவது, எறிவது, ஓடுபவனை முட்டித் தள்ளுவது.

நம் ஊரில் கல்லூரி விளையாட்டு என்றால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வந்த சில பிள்ளைகள், பாதி காலியான மைதானம், முதல்வர் அறையில் ஒரு ஷீல்டு. அங்கே நிலைமை வேறு. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் ஒரு லட்சத்து ஏழாயிரம் பேர் உட்காரலாம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் அது நிரம்பும். இந்தக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்புக்கு என்.சி.ஏ.ஏ. என்று பெயர். அதன் உச்சிப் பிரிவில் 130-க்கும் மேற்பட்ட கல்லூரிகள் ஃபுட்பால் ஆடுகின்றன. என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக்குக்குப் போக விரும்புகிறவனுக்கும் வழி ஏறக்குறைய இது ஒன்றுதான். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகாதவர்களை அந்த லீக் எடுப்பதில்லை.

பள்ளிகளில் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் சுமார் 10 லட்சம் பேர். இவர்களில் ஏதோ ஒரு மட்டத்து என்.சி.ஏ.ஏ. கல்லூரி அணிக்குப் போகிறவர்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான். முதல் பிரிவு வரை நூற்றுக்கு மூன்று பேர் தேறினால் அதிகம். கல்லூரிகள் தங்கள் அணிக்கு எடுக்கலாமா என்று கண்வைத்திருக்கும் பள்ளி மாணவனை ரெக்ரூட் என்கிறார்கள். வயது 15 முதல் 18. இந்தக் கட்டுரையின் நாயகன் அவன்தான்.

ஜாதகம் கேட்பதும் தாலி கட்டுவதும்

பெரும்பாலான குழப்பம் 'ஆஃபர்' என்ற சொல்லில் ஆரம்பிக்கிறது. "ஸ்காலர்ஷிப் ஆஃபர் கிடைத்தது" என்றதும் நாம் அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கைக்கு வந்துவிட்டதுபோல நினைக்கிறோம். அப்படி இல்லை.

கல்யாணப் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை வீட்டார் ஒரே சமயத்தில் ஏழெட்டு ஜாதகம் கையில் வைத்திருப்பார்கள். "பொருந்துகிறது, மேலே பேசலாம்" என்று இரண்டு மூன்று வீட்டுக்குச் சொல்லியும் இருப்பார்கள். அப்படிச் சொன்னதற்காக யாரும் யாரையும் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது. ஆஃபர் என்பது அந்தக் கட்டம். "எங்களுக்கு உன்மேல் விருப்பம் இருக்கிறது, இன்றைய நிலவரப்படி உனக்கு இடம் உண்டு" என்று கோச் சொல்வது. பல கல்லூரிகள் ஆண்டுக்கு 25 பேர் அளவில் எடுக்க 200, 300 பேருக்கு ஆஃபர் கொடுத்து வைத்திருக்கும்.

அடுத்த கட்டம் வெர்பல் கமிட்மென்ட். அதாவது, "நான் உங்கள் கல்லூரிக்கே வருகிறேன்" என்று பையன் வாய்மொழியாக ஒப்புக்கொள்வது. இது வெற்றிலை பாக்கு மாற்றியதுபோல. ஊருக்கெல்லாம் தெரியும், மண்டபம்கூடப் பார்த்தாகிவிட்டது. ஆனால் சட்டப்படி இதற்கு எந்தப் பலமும் இல்லை. பையன் மனம் மாறி வேறு கல்லூரிக்குப் போகலாம், கல்லூரியும் கைவிடலாம். இரண்டுமே ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது.

மூன்றாவது கட்டம்தான் கையெழுத்து. முன்பெல்லாம் பிப்ரவரி முதல் புதன்கிழமைதான் அதற்கான நாள். 2017 முதல் டிசம்பரிலும் ஒரு வாய்ப்பு வந்தது. இப்போது பெரும்பாலானவர்கள் அப்போதே போட்டுவிடுகிறார்கள். தாலி ஏறுவது இங்கேதான்.

இந்த மூன்று கட்டமும் சோஷியல் மீடியாவில் எப்படி இருக்கும் என்று ஒரு வாரம் கவனித்தால் சிரிப்பு வரும். ஆஃபர் வந்தால் எல்லாப் பையன்களும் ஒரே அச்சில் வார்த்ததுபோல எழுதுவார்கள்: கோச்சுடன் அருமையான உரையாடலுக்குப் பிறகு இன்ன கல்லூரியிலிருந்து ஆஃபர் பெற்றதில் ஆசீர்வதிக்கப்பட்டவனாக இருக்கிறேன், எல்லாப் புகழும் கடவுளுக்கே. கூடவே அந்தக் கல்லூரிச் சட்டை மாட்டிய படம். அதே பையன் ஆறு மாதம் கழித்து மனம் மாறினால், ஃபோனின் நோட்ஸ் ஆப்பில் தட்டச்சு செய்த நாலு பத்தியின் ஸ்க்ரீன்ஷாட் வரும். கடைசி வரி மாறவே மாறாது: தயவுசெய்து என் முடிவை மதியுங்கள். கையெழுத்து நாளன்று மேஜைமேல் மூன்று நாலு கல்லூரித் தொப்பிகளை வரிசையாக வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டிக்கொள்வார்கள். பாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இதுவரை வந்ததைப் பிடித்துக்கொள்ளுங்கள்: ஆஃபர் ஒப்பந்தம் அல்ல, வாய்மொழி உறுதியும் ஒப்பந்தம் அல்ல, கையெழுத்துதான் ஒப்பந்தம். நாம் பேசப்போகும் ஆபத்து முழுக்க இந்த முதல் இரண்டு கட்டத்தில் இருக்கிறது.

டீக்கடை விசாரணை

ஜாதகம் பொருந்தினால் அடுத்து என்ன? தெருமுனை டீக்கடையில் ஒரு விசாரிப்பு. "அந்த வீட்டுப் பையன் எப்படி?" டீக்கடைக்காரர் குறையாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. டம்ளரை கழுவிக்கொண்டே லேசாக இழுத்து, "நல்ல பையன்தான்…" என்றால் போதும். வந்தவர் புரிந்துகொண்டு எழுந்துவிடுவார்.

முன்பு கல்லூரி கோச்சும் இப்படித்தான் விசாரித்தார். பள்ளிக் கோச், தலைமையாசிரியர், சில சமயம் பள்ளிக்கூடத்துக் காவலாளி. இப்போது அந்த டீக்கடை எக்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் டிக்டாக்கிலும் இருக்கிறது. பெரிய கல்லூரிகளில் ரெக்ரூட்களைத் தேடுவதற்கென்றே தனி அலுவலகம் உண்டு. அங்கே பட்டியலில் உள்ள பையன்களின் பக்கங்களைப் புரட்டுவதும் ஒரு வேலை.

என்ன பார்க்கிறார்கள்? போதைப்பொருள், துப்பாக்கி, இனவசை, பெண்களைக் கேவலமாகப் பேசுவது. இவை எல்லாருக்கும் தெரிந்தவை. எனக்கு சுவாரஸ்யமாகப் படுவது இரண்டாம் அடுக்கு. தோற்ற ஆட்டத்துக்கு மறுநாள் யாரைக் குறை சொல்கிறான்? தன் கோச் தன்னை ஆடவிடவில்லை என்று புலம்புகிறானா? பள்ளி நாளில் இரவு இரண்டரை மணிக்கு யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருக்கிறானா? தான் எழுதாவிட்டாலும் யார் எழுதியதைப் பகிர்கிறான்? லைக் போடுவதும் ஒருகாலத்தில் வெளியே தெரிந்தது; 2024 ஜூனில் எக்ஸ் அதை மறைத்துவிட்டது. நண்பர்கள் அவனை டேக் செய்த படங்கள்? அவனுடைய பக்கம் கோயில் பிரகாரம்போல சுத்தமாக இருக்கும். கூட்டாளியின் பக்கத்தில் கையில் பாட்டிலோடு நிற்பான்.

2014 ஜூலையில் பென் ஸ்டேட் கல்லூரியின் உதவி கோச் ஹெர்ப் ஹேண்ட் வெளிப்படையாகவே ட்விட்டரில் எழுதினார்: அன்று காலை இன்னொரு பையனைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதாகவும், காரணம் அவனுடைய சோஷியல் மீடியாப் பக்கம் என்றும், ஆஃபர் கொடுக்கும் முன்பே உண்மையான பையனைப் பார்க்க முடிந்ததில் மகிழ்ச்சி என்றும். அதில் 'இன்னொரு' என்ற சொல்லைக் கவனியுங்கள். முதல் ஆள் அல்ல. பெயரும் இல்லை. அதைப் படித்த எத்தனையோ பையன்கள் அது தானா என்று யோசித்திருப்பார்கள்.

கல்லூரிகளுக்கு இதில் ஏன் இவ்வளவு பதற்றம்? சூடுபட்ட அனுபவம் உண்டு. 2010-இல் வட கரோலினா பல்கலைக்கழக வீரர் ஒருவர் மயாமி இரவு விடுதிகளைப் பற்றி ட்வீட் செய்தார். செலவுக்குப் பணம் ஏது என்ற கேள்வி கிளம்பியது. அப்போது கல்லூரி வீரர்கள் ஏஜென்ட்டுகளிடம் பணம் வாங்கக்கூடாது. என்.சி.ஏ.ஏ. விசாரித்தது. வீரர்களின் சோஷியல் மீடியாவைச் சரியாகக் கண்காணிக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டுகளில் ஒன்றாகச் சேர்ந்தது. 2012-இல் அந்த அணிக்கு ஓராண்டு பருவ இறுதி ஆட்டங்களில் தடை, மூன்று ஆண்டுகளில் 15 ஸ்காலர்ஷிப் வெட்டு. ஒரு பையனின் ஃபோனிலிருந்து மொத்த அணிக்கும் கேடு வரலாம் என்று அன்று எல்லாரும் பார்த்தார்கள். சில கல்லூரிகள் மாணவர்களின் பாஸ்வேர்டைக் கேட்கும் அளவுக்குப் போக, கலிஃபோர்னியா 2012-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தது. எல்லாரும் பார்க்கும்படி கிடப்பதைப் பார்ப்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், விசாரிக்கும் கோச்சின் வாய்க்கும் பூட்டு உண்டு. கையெழுத்துப் போடாத பையனைப் பற்றி அவர் வெளியே பேசக்கூடாது. 2016 ஆகஸ்ட்டிலிருந்து பையனின் பதிவுக்கு லைக் போடலாம், பகிரலாம். ஆனால் ஒரு வார்த்தைகூட எழுதக்கூடாது. கிளிக் செய்யலாம், டைப் செய்யாதே என்று அந்த விதிக்குச் செல்லப்பெயர். நல்ல பையன் ஒருவன் ஒப்புக்கொண்டுவிட்டால் கோச் பெயரைச் சொல்லாமல் இரண்டு தீப்பிழம்பு எமோஜி போட்டுவிட்டு உட்கார்ந்திருப்பார்.

கழித்தல் கணக்கு

இனி உண்மையான இயக்கத்துக்கு வருவோம்.

பேங்க் தேர்வில் பத்து இடத்துக்கு ஐயாயிரம் பேர் விண்ணப்பித்தால் முதலில் என்ன செய்வார்கள்? சிறந்தவர்களைத் தேடமாட்டார்கள். கழிக்கக் காரணம் தேடுவார்கள். கையெழுத்து இல்லையா, கழி. போட்டோ ஒட்டவில்லையா, கழி. போட்டோ ஒட்டாதவன் மோசமானவன் என்று யாரும் சொல்லவில்லை. கூட்டத்தைக் குறைக்க மலிவான வழி வேண்டும், அவ்வளவுதான்.

கோச்சின் மேஜையில் ஒரே இடத்துக்கு நாலு பையன்கள். உயரம், எடை, ஓட்டம், மார்க் எல்லாம் முன்பின். நாலு பேரில் யார் மூன்று ஆண்டு கழித்துப் பெரிய ஆட்டக்காரன் ஆவான் என்று கடவுளுக்கே தெரியாது. அந்த நிலையில் ஒருவனின் பக்கத்தில் அசிங்கமான ஒரு வரி கண்ணில் படுகிறது. கோச் கோபப்படவே தேவையில்லை. அந்த வரி அவருக்கு ஒரு உதவி. நாலு பேர் மூன்று பேர் ஆகிவிட்டார்கள். நான் முதலிலேயே தண்டனை இல்லை என்று சொன்னது இதனால்தான்.

அப்புறம் நடப்பது மௌனம். யாரும் கூப்பிட்டு, "தம்பி, உன் மார்ச் மாதப் பதிவு சரியில்லை" என்று சொல்லமாட்டார்கள். வாரத்துக்கு மூன்று மெசேஜ் வந்த இடத்தில் ஒன்று வரும். பிறகு அதுவும் நிற்கும். மாப்பிள்ளை வீட்டார், "ஜாதகத்தை மறுபடி ஜோசியரிடம் காட்டினோம்…" என்பார்களே, அதுகூட இங்கே இருக்காது.

இந்தக் கணக்கில் ஒரு அநியாயம் ஒளிந்திருக்கிறது. ரெக்ரூட்களுக்கு ரேட்டிங் நிறுவனங்கள் நட்சத்திரம் கொடுக்கின்றன. ஐந்து நட்சத்திரம் உச்சம். ஐந்து நட்சத்திரப் பையனின் இடத்துக்கு மாற்று ஆள் இல்லை. அவன் எதையாவது உளறினால் "சின்னப் பையன், கூப்பிட்டுப் பேசுவோம்" என்பார்கள். மூன்று நட்சத்திரப் பையன் அதே வரியை எழுதினால் பட்டியலில் அடுத்த பெயர். ஒரே தவறு, இரண்டு விலை. பெரிய ஆட்டக்காரர்கள் தப்பித்த கதைகளைக் காட்டி, "அவனுக்கு என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லையே" என்று வாதிடும் பையன்கள் தவறவிடும் இடம் இது.

2022 நவம்பரில் நடந்த ஒன்றைப் பாருங்கள். ஃபுளோரிடா மாநிலத்து வெள்ளைக்காரப் பையன் ஒருவன், குவார்ட்டர்பேக். பந்தை எறிந்து மொத்த ஆட்டத்தையும் நடத்தும் இடம் அது. ஒரு நேரத்தில் களத்தில் ஒருவன்தான் இருக்க முடியும். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்துக்கு வாய்மொழியாக ஒப்புக்கொண்டிருந்தான். காரில் ஒரு ராப் பாட்டோடு சேர்ந்து பாடி சோஷியல் மீடியாவில் போட்டான். பாட்டில் கறுப்பர்களைக் குறிக்கும் வசைச்சொல் வருகிறது, அதையும் பாடினான். வீடியோ பரவியது. பல்கலைக்கழகம் ஆஃபரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவன் மன்னிப்புக் கேட்டான். பாட்டுதானே என்று ஒரு பக்கம், அந்தச் சொல் அவன் வாயில் வரக்கூடாது என்று இன்னொரு பக்கம். பல வாரம் விவாதம்.

அந்த விவாதத்தில் பலர் கண்டுகொள்ளாத ஒன்று தேதி. பத்து நாள் முன்புதான், ரேட்டிங்கில் அவனைவிட மேலே இருந்த கலிஃபோர்னியாக் குவார்ட்டர்பேக் ஒருவன் மயாமி பல்கலைக்கழகத்தை விட்டுவிட்டு ஃபுளோரிடாவுக்கு வருவதாக அறிவித்திருந்தான். இரண்டுக்கும் முடிச்சுப் போட என்னிடம் ஆதாரம் இல்லை. அந்த வீடியோவே போதுமான காரணமாக இருந்திருக்கலாம். ஆனாலும் கையில் வேறு குவார்ட்டர்பேக் இருக்கும் கல்லூரிக்கும் இல்லாத கல்லூரிக்கும் முடிவெடுக்கும் சுலபம் ஒன்றல்ல. விந்தை, அந்த இரண்டாவது பையனும் ஃபுளோரிடாவுக்கு ஆடவில்லை. பணப் பேச்சு முறிந்து 2023 ஜனவரியில் விலகிவிட்டான்.

சுருக்கமாக: பதிவு என்பது கழிக்க ஒரு காரணம். அந்தக் காரணம் எவ்வளவு கனம் என்பதைப் பதிவு மட்டும் முடிவுசெய்வதில்லை. மாற்று ஆள் எத்தனை பேர் என்பதும் முடிவுசெய்கிறது.

பூட்டினேன், அழித்தேன், அதுவே மறைந்துவிட்டது

பையன்கள் மூன்று விஷயத்தை நம்பித் தூங்குகிறார்கள். கணக்கைப் பூட்டிவைத்தால் வெளியே தெரியாது. ஸ்னாப்சாட்டில் போட்டால் தானே மறைந்துவிடும். பழையதை அழித்துவிட்டால் போயிற்று.

2012 ஜனவரியில் நியூஜெர்சியில் ஒரு பையன். நாட்டிலேயே முன்வரிசையில் வைக்கப்பட்ட தடுப்பாட்டக்காரன், பெரிய பெரிய கல்லூரிகள் வாசலில் நின்றன. அவனுடைய ட்விட்டர் கணக்கு பூட்டப்பட்டதுதான். ஆனால் உள்ளே ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். ஆயிரம் பேர் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தின் கதவைச் சாத்திவிட்டு ரகசியம் பேசினால் அது ரகசியமா? ஆபாசமும் இனச் சொற்களுமாக இருந்த அவனுடைய ட்வீட்டுகள் வெளியே வந்தன. படித்த கத்தோலிக்கப் பள்ளி அவனை நீக்கியது, மிச்சிகன் பின்வாங்கியது. கொலராடோ எடுத்துக்கொண்டது. திறமை இருந்ததால் ஒரு கதவாவது திறந்திருந்தது.

ஸ்னாப்சாட் கதை ஃபுட்பால் மைதானத்தின் ஓரத்திலிருந்து வருகிறது. 2017-இல் பென்சில்வேனியாவில் ஆட்டத்தின்போது மைதான ஓரத்தில் ஆடிப்பாடி உற்சாகப்படுத்தும் பள்ளி சியர்லீடிங் குழுவின் மூத்த அணியில் இடம் கிடைக்காத மாணவி ஒருத்தி, கோபத்தில் நடுவிரலைக் காட்டிப் படம் எடுத்து, கெட்ட வார்த்தை எழுதி, ஒரு சனிக்கிழமை ஸ்னாப்சாட்டில் போட்டாள். 24 மணி நேரத்தில் மறைய வேண்டியது. மறையும் முன் இன்னொரு மாணவி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாள். அது அணியின் பயிற்சியாளருக்குப் போனது. அங்கிருந்து பள்ளி, மாவட்ட நீதிமன்றம் என்று ஏறி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் போய் நின்றது. ஒரு நாள் ஆயுள் கொண்ட படம் நாலு வருடம் வாழ்ந்தது.

அழிப்பதைப் பற்றி. தோண்டுகிறவர்கள் எப்போது தோண்டுகிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலன் பள்ளி நாட்களில் இனவசைச் சொற்களோடு ட்வீட் செய்தவர். அவை வெளியே வந்தது 2018-இல், என்.எஃப்.எல். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வுக்கு முந்தைய இரவு. இன்னொரு குவார்ட்டர்பேக் கைலர் மரே பதினான்கு பதினைந்து வயதில் ஓரினச்சேர்க்கையாளர்களை இழிவாக எழுதியவர். அது வெளியே வந்தது 2018 டிசம்பரில், கல்லூரி ஃபுட்பாலின் மிகப் பெரிய விருதான ஹைஸ்மன் கோப்பையை அவர் வாங்கிய அதே இரவு. பதிவு போட்ட அன்று அதைப் பார்த்தவர்கள் வகுப்புத் தோழர்கள். தோண்டியவர்கள் வேறு யாரோ. ஒருவன் உயரும் நாளில்தான் அவனுடைய பழைய மண்ணுக்கு விலை வருகிறது.

ரெக்ரூட் விஷயத்தில் இந்தத் தோண்டும் வேலைக்கு ஒரு பட்டாளமே இருக்கிறது: கைவிடப்பட்ட கல்லூரியின் ரசிகர்கள். பையன் ஒப்புக்கொண்ட அன்று "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்று கொண்டாடியவர்கள், அவன் மனம் மாறிய அன்று இரவே அவனுடைய ஏழாம் வகுப்புப் பதிவுவரை போய்விடுவார்கள். சம்பந்தம் முறிந்த வீட்டார் பேசும் பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள்.

தானே போடாமலும் மாட்டலாம். 2016 ஏப்ரலில், என்.எஃப்.எல். தேர்வு நிகழ்வு தொடங்கச் சில நிமிடங்களே இருந்தபோது, லாரமி டன்சில் என்னும் கல்லூரி வீரர் வாயுமுகமூடி மாட்டிக் கஞ்சா புகைக்கும் பழைய வீடியோ அவருடைய கணக்கிலேயே வெளிவந்தது. கணக்கை யாரோ திருடியிருந்தார்கள். முதல் சில இடங்களில் எடுக்கப்படுவார் என்று பேசப்பட்டவர் பதின்மூன்றாவதாகப் போனார். பதிவிட்டது அவர் அல்ல. விலை கொடுத்தது அவர்தான்.

"பேச்சுரிமை இல்லையா?"

இருக்கிறது. அந்தச் சியர்லீடிங் மாணவி 2021 ஜூனில் உச்ச நீதிமன்றத்தில் 8-க்கு 1 என்று ஜெயித்தாள். பள்ளிக்கு வெளியே, விடுமுறை நாளில் அவள் எழுதியதற்காக அரசுப் பள்ளி அவளை அணியிலிருந்து விலக்கியது தவறு என்றது தீர்ப்பு. ஆனால் அவள் ஏற்கனவே அந்தப் பள்ளியின் மாணவி, ஜூனியர் அணியில் இருந்தவள், இருந்ததைப் பறித்தார்கள். ரெக்ரூட் கையில் பறிக்க எதுவும் இல்லை. "மேலே பேசலாம்" என்றவர் பேச்சை நிறுத்திக்கொண்டார். எழுதும் உரிமை அவனுக்கு உண்டு, எடுக்காமல் விடும் உரிமை அவருக்கும் உண்டு. அரசியல் கருத்துச் சொல்லும் பையன்கள் விஷயத்தில் இது நியாயமா என்றால், எனக்கு உறுத்தல் உண்டு. காரணமே சொல்லாமல் கைவிட முடிகிற இடத்தில் எந்தக் காரணத்துக்காக என்று யாரும் கேட்கவே முடிவதில்லை.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டால்?

'நுணலும் தன் வாயால் கெடும்' என்று சொல்லி முடித்துவிட ஆசைதான். பழமொழியில் ஒரு கேள்வியை நாம் கேட்பதே இல்லை: நுணல் ஏன் கத்துகிறது? கத்துவது ஆண் தவளை, இணையைக் கூப்பிட. கத்தினால் பாம்புக்குத் தெரியும். கத்தாவிட்டால் இணைக்கும் தெரியாது.

ரெக்ரூட் நிலைமை அச்சாக இதுதான். டெக்சஸ் நகரத்துப் பெரிய பள்ளிப் பையனை கோச்சுகள் தேடி வருவார்கள். எங்கோ மேற்கு வர்ஜீனியாவின் மலைக்கிராமத்துப் பையனை யார் பார்ப்பார்? அவன் தன் ஆட்டத் துண்டுகளை ஹட்ல் என்னும் தளத்தில் தொகுத்து, அந்த இணைப்பை எக்ஸில் போட்டு, கோச்சுகளை டேக் செய்கிறான். பெயருக்குக் கீழே உயரம், எடை, மார்க் சராசரி, பள்ளி முடிக்கும் ஆண்டு. இது அவனுடைய பயோடேட்டா. முதல் தொடர்பு பல சமயம் ஒரு நேரடி மெசேஜில்தான் வருகிறது. ஃபோன் வாங்கிக் கொடுக்காதே என்ற மூன்றாவது கட்சியின் யோசனைப்படி நடந்தால், அந்தப் பையன் கழிக்கப்படமாட்டான், பட்டியலிலேயே ஏறமாட்டான்.

2021 ஜூலை 1 முதல் இதில் பணமும் சேர்ந்துவிட்டது. அன்றுதான் என்.சி.ஏ.ஏ., கல்லூரி வீரர்கள் தங்கள் பெயர், உருவம், புகழ் இவற்றை விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம் என்று வழிவிட்டது. இதைச் சுருக்கமாக என்.ஐ.எல். என்பார்கள். பல மாநிலங்களில் பள்ளி மாணவர்களுக்கும் இது உண்டு. டெக்சஸில் அப்போது பள்ளி மாணவர்களுக்கு அனுமதி இல்லாததால், க்வின் யூவர்ஸ் என்ற குவார்ட்டர்பேக் பள்ளியின் கடைசி ஆண்டையே விட்டுவிட்டு 2021 ஆகஸ்ட்டில் ஒஹாயோ ஸ்டேட்டுக்குப் போனார். விளம்பரக்காரர்கள் பார்ப்பது ஆட்டத்தோடு ஃபாலோயர் எண்ணிக்கையையும். அது ஏற வேண்டுமானால் தினமும் எதையாவது போட வேண்டும். ஒரு கை "அடக்கமாக இரு" என்கிறது, மறு கை "கவனத்தை இழு" என்கிறது. பதினேழு வயதில் இந்த இரண்டையும் சமாளிக்கச் சொல்கிறோம்.

கவனம் வந்தால் கூடவே வருகிறவர்களும் எல்லாரும் நல்லவர்கள் அல்ல. கல்லூரிக்கு நன்கொடை கொடுக்கும் ரசிகர்கள் ரெக்ரூட்டைத் தொடர்புகொண்டு "எங்களிடம் வா" என்று வற்புறுத்துவது விதிமீறலாக இருந்தது. 2009-இல் ஒரு பள்ளி பாஸ்கெட்பால் வீரரை வா வா என்று அழைத்து ஃபேஸ்புக் குழு தொடங்கிய ஒரு மாணவருக்கு, அவர் படித்த வட கரோலினா ஸ்டேட் கல்லூரியே நிறுத்தச் சொல்லிக் கடிதம் அனுப்பியது. போலி ஆட்களும் உண்டு. நோட்டர் டேம் கல்லூரியின் நட்சத்திரம் மான்டை டியோ, இறந்துபோன தன் காதலியைப் பற்றி நாடே உருகப் பேசினார். அப்படி ஒரு பெண்ணே இல்லை, ஆன்லைனில் யாரோ நடித்தார்கள் என்பது 2013 ஜனவரியில்தான் தெரிந்தது.

ஆக, பேசாமல் இருப்பதும் செலவு, பேசுவதும் செலவு. விவரமான பள்ளிக் கோச்சுகள் இப்போது பையன்களிடம் "போடாதே" என்று சொல்வதில்லை. ஒரு கணக்கை ஆட்டத்துக்கென்றே வைத்துக்கொள், தோற்ற இரவு ஃபோனைத் தொடாதே, பழையதைப் பருவம் தொடங்கும் முன் உட்கார்ந்து படித்துப் பார் என்கிறார்கள். கடைசியைச் செய்த பையன்கள் பலர் தாங்கள் பதின்மூன்று வயதில் எழுதியதைப் பார்த்து வெட்கப்படுகிறார்கள். நாமும் நம்முடைய பழைய டைரியைப் படித்தால் அப்படித்தான்.

கோட்டுக்கு உள்ளே ஒருவன்

2012 அக்டோபரில் ஒஹாயோ ஸ்டேட் கல்லூரியின் கார்டேல் ஜோன்ஸ் ஒரு ட்வீட் போட்டார். நாங்கள் வந்தது ஃபுட்பால் ஆட, பள்ளிக்கூடம் விளையாட அல்ல, வகுப்பெல்லாம் வீண் என்று. நாடே சிரித்தது. அவர் அப்போது மூன்றாவது வரிசை குவார்ட்டர்பேக், களத்தில் இறங்க வாய்ப்பே குறைவு. இதையே கையெழுத்துக்கு முன்னால், பள்ளி மாணவனாக எழுதியிருந்தால் அவர் ஃபோன் சத்தமில்லாமல் போயிருக்கலாம். ஆனால் அவர் கையெழுத்துப் போட்டு உள்ளே வந்தவர். ஒரு ஆட்டம் உட்காரவைத்தார்கள், அவ்வளவுதான்.

2014 பருவத்தில் முதல் குவார்ட்டர்பேக்குக்கு அடி, பிறகு இரண்டாவது ஆளுக்கும் அடி. மூன்றாமவர் இறங்கினார். விஸ்கான்சினை 59-0, அலபாமாவை 42-35, 2015 ஜனவரி 12 அன்று இறுதி ஆட்டத்தில் ஓரிகனை 42-20. அவர் முதல் ஆளாக இறங்கிய மூன்றே ஆட்டத்தில் தேசியச் சாம்பியன்.

பிறகு தொழில்முறை லீக்குக்குப் போனவர், விட்ட வகுப்புகளை முடித்து 2017-இல் பட்டம் வாங்கினார். பட்டமளிப்பு நாளில் தலையில் இருந்த சதுரத் தொப்பியின் மேல் ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார். யாரோ ஒருமுறை சொன்னார்களாம், நாங்கள் இங்கே பள்ளிக்கூடம் விளையாட வரவில்லை என்று.